ஊதா விளக்கில் மஞ்சள் கயிறு

1

எங்கள் கல்யாண நாளுக்கு மறுநாள் காலையில் நானே என் தாலியைக் கழற்றினேன். பதறாதீர்கள். வீட்டுக்காரர் குத்துக்கல்லாட்டம் நன்றாகவே இருக்கிறார். அந்த நேரம் அவர் காவாந்தண்டலத்தில், த்ரீ பேஸ் கரண்ட் வந்துவிட்டதென்று மோட்டாரைப் போட்டுவிட்டு, சம்பா நாற்றங்கால் வரப்பில் நின்றிருப்பார். நான் ஜெர்மனியில் ஒரு வெள்ளை அறையில், தலைக்குக் குல்லா, முகத்துக்கு மூடி, கைக்கு உறை என்று கண் மட்டும் தெரிய நின்றிருந்தேன். எங்கள் குடும்பம் இரண்டு வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் நடக்கிறது.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஊரில் என் நாத்தனார் வள்ளியம்மா இருக்கிறார். அவருக்குப் படிக்க வராது, ஆனால் நான் எதை எழுதினாலும் படித்துக் காட்ட ஆள் வைத்திருக்கிறார். விஷயம் அரைகுறையாகக் காதில் விழுந்தால் காவாந்தண்டலத்தில் ஒரு கதை, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் வேறொரு கதை என்று ஆகிவிடும். அதற்கு நானே முழுசாகச் சொல்லிவிடுவது மேல்.

என் பேர் அமுதா. உத்திரமேரூர்க்காரி. ஊரில் என்னைப் பற்றிக் கேட்டால், கண்ணாடி கம்பெனியில் வேலை என்பார்கள். பொய்யில்லை. ஆனால் நம் பாஷையில் முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி, ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி. ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் யாராவது கண் டாக்டர் பவர் எழுதிய சீட்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். விளக்கிச் சொல்லி அலுத்துப்போய், ஒருமுறை காஞ்சிபுரத்தில் ஒரு கடையில் செய்து வாங்கிக் கொடுத்து, ஜெர்மனி சரக்கு என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு சீட்டுகள் இன்னும் அதிகமாக வருகின்றன.

நான் சோதிப்பது, விண்வெளிக்கு அனுப்பும் எக்ஸ்-ரே தொலைநோக்கியின் கண்ணாடிகளை. வானத்தில் எங்கெங்கோ இருக்கும் நட்சத்திரங்களிலிருந்து வரும் எக்ஸ்-ரேயை அவைதான் ஓரிடத்தில் குவிக்கின்றன. எக்ஸ்-ரேயை நேருக்கு நேர் மறித்தால் திரும்பாது, உள்ளே புகுந்து காணாமல் போய்விடும். உரசினாற்போல வந்தால்தான் திரும்பும். சின்ன வயதில் ஏரியில் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து வீசியிருப்பீர்கள். தத்தித் தத்திப் போகும். அதையே மேலிருந்து போட்டால் முழுகிவிடும். அதே கதைதான். அதனால் இந்தக் கண்ணாடிகளைக் குழாய் மாதிரி செய்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். உள்பக்கம் இரிடியம் என்ற உலோகப் பூச்சு. அந்தப் பூச்சு ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா, வந்த எக்ஸ்-ரேயில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை.

நடுவில் காற்று இருந்தால் அது எக்ஸ்-ரேயைத் தின்றுவிடும். ஆகவே ஒரு தெரு நீளத்துக்கு இரும்புக் குழாய் வைத்திருக்கிறோம். ஒரு கோடியில் எக்ஸ்-ரே விளக்கு, மறுகோடியில் கண்ணாடி. மூடிவிட்டுப் பம்ப்பைப் போட்டால் காற்றை உறிஞ்சி முடிக்க ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகும். மூடுவதற்கு முன் உள்ளே தூசி போய்விட்டால் அவ்வளவுதான். சேலைத் தலைப்பால் ஒரு இழுப்பு இழுத்துத் துடைக்கிற சமாசாரம் இல்லை இது. துடைத்தால் பூச்சு கீறிப்போகும்.

அந்த அறைக்குள் போகிறவர்கள் தலைக்கு எண்ணெய், முகத்துக்குப் பவுடர், மை, பொட்டு, பூ, சென்ட் எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. இதை நான் சொன்னபோது வள்ளியம்மா கேட்டார்: "அது இன்னா, எழவு வூடா?"

2

நகையும் கூடாது. கல்யாண மோதிரத்துக்கு மட்டும் விலக்கு இருந்தது. விரலில் டேப் சுற்றி, மேலே உறை போட்டுக்கொள்ளலாம். வேலையில் சேர்ந்த புதிதில், அப்போது எனக்கிருந்த ஓட்டை ஜெர்மனை வைத்துக்கொண்டு, எங்கள் ஊரில் அந்த மோதிரம் கழுத்தில் இருக்கும் என்று மேலதிகாரி யூர்கனுக்கு விளக்கப் பார்த்தேன். கல்யாண வாழ்க்கைக்கு அவர்கள் பாஷையில் 'ஏஹெ'. சங்கிலிக்குக் 'கெட்டெ'. இரண்டையும் ஒட்டவைத்து 'ஏஹெகெட்டெ' என்றேன். அறையே சிரித்தது. கைதிக்கு விலங்கு மாட்டுகிற மாதிரி கல்யாணம் மாட்டிய விலங்கு என்று அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. யூர்கன் நல்ல மனுஷன். சிரித்து முடித்துவிட்டு, தங்கச் செயின்தானே, டேப் போட்டு உடம்போடு ஒட்டிக்கொள் என்று அனுமதி கொடுத்தார். இத்தனை வருஷம் கழித்தும் என் தாலிக்கு அங்கே அதுதான் பேர்.

என் வீட்டுக்காரர் தணிகாசலம் என்னோடுதான் இங்கே வந்தார். ஊரில் விவசாயப் படிப்புப் படித்தவர், இங்கே பார்சல் கிடங்கில் பெட்டி ஏற்றினார். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. ஒரு நாளும் சிரிக்கவும் இல்லை. மாமனார் போன பிறகு நிலத்தைப் பார்க்க ஆளில்லை. ஒரே ஒரு போகம் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கிளம்பினார். நவரை போனது, சொர்ணவாரி போனது, சம்பா போனது, மறுபடி நவரை வந்தது. இங்கே யாராவது உன் புருஷன் எப்போது வருவார் என்று கேட்டால், ஏரியில் தண்ணீர் கிடக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் நான் பதில் சொல்லவேண்டும்.

இந்த நாட்டில் ஒரு சட்டம் உண்டு. குடியிருப்பு அனுமதி வைத்திருப்பவர் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அனுமதி தானாகச் செத்துவிடும். அதற்காக அவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓடிவந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போவார். வந்த மறுநாளே போனை எடுத்து மழை வருமா என்று பார்க்க ஆரம்பிப்பார். இங்கத்து மழை இல்லை, அங்கத்து மழை. சாப்பாட்டில் உட்கார்ந்தால் என் முகத்தையா பார்ப்பார், அந்தப் போனில் மேகத்தைப் பார்ப்பார். கடைசியாக வந்தது பங்குனியில். அப்படியென்றால் புரட்டாசி பாதிக்குள் மறுபடி வந்தாகவேண்டும். புரட்டாசி என்றால் சம்பா நடவு.

இந்த ஆடியில் நானும் மகளும் ஊருக்குப் போனபோது ஒரே ஒரு விஷயம் கேட்டுவிட வேண்டும் என்று போனேன். வருகிறீர்களா, இல்லையா? இந்த வீட்டில் நான் யாரை எதிர்பார்த்துக்கொண்டு ஒரு அலமாரியைக் காலியாக வைத்திருக்கிறேன்?

பதினெட்டாம் பெருக்கு அன்றைக்கு வள்ளியம்மா என் கழுத்தைப் பார்த்தார். "செயின்ல கோத்துக்கினா அது தாலியா? செயின் நகைக் கடையிலகூட தொங்கினு கீது," என்றார். சொன்னதோடு விடவில்லை. தாலியை உருவி, மஞ்சள் அரைத்து ஊறவைத்த கயிற்றில் கோத்து, என் செயினைத் தன் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். அடுத்த முறை வரும்போது வாங்கிக்கொள்ளலாமாம். கயிற்றை அவர் கட்டப்போகும் நேரத்தில் தணிகாசலம் சொர்ணவாரி அறுப்பிலிருந்து அப்படியே வந்தார். கையெல்லாம் நெல் சுணை. தானே போடுவதாக வாங்கி, பின்னால் நின்று முடிச்சுப் போட்டார். மூட்டை கட்டுகிற முடிச்சு. அதை அவிழ்க்க முடியாது.

அப்போது கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. பிடரியில் அவர் மூச்சுப் பட்டது, கேட்கத் தோன்றவில்லை. கிளம்பும் அன்றைக்கு அவராகவே, நடவு முடித்துவிட்டு வரப் பார்க்கிறேன் என்றார். வருகிறேன் இல்லை, வரப் பார்க்கிறேன். நம் ஊரில் ஒருவர் வரப் பார்க்கிறேன் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

3

கயிறு என்றாலே எங்கள் வெள்ளை அறைக்கு ஆகாது, நூல் உதிரும். மஞ்சள் தடவிய கயிறு என்றால் கேட்கவே வேண்டாம். எனக்குத் தெரியாதா? தெரியும். திரும்பி வந்ததும் சோப்புப் போட்டு எத்தனையோ தடவை அலசினேன். தண்ணீர் மஞ்சளாக வந்துகொண்டே இருந்தது. கயிற்றை மாற்றவும் மனசு வரவில்லை. செயினுக்குக் கொடுத்த அனுமதிதானே என்று, டேப்பை இரண்டு மடங்கு போட்டு ஒட்டி, மேலே கழுத்து மூடிய பனியன், அதன்மேல் அங்கி என்று போய்வந்துகொண்டிருந்தேன்.

கல்யாண நாளுக்கு மறுநாள், கண்ணாடியைக் குழாய்க்குள் ஏற்றவேண்டிய நாள். ஏற்றுவதற்கு முன் அறை விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கை அடித்துப் பார்ப்போம். சாதாரண வெளிச்சத்தில் தெரியாத சில அழுக்குகள் அதில் பளிச்சென்று தெரியும். கண்ணாடிக்குப் பக்கத்தில் அதே பூச்சுப் பூசிய சின்னத் துண்டு ஒன்றை வைத்திருப்போம். அதற்குச் சாட்சி என்று பேர். கண்ணாடிமேல் என்னென்ன விழுந்திருக்கும் என்று அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

அன்றைக்குச் சாட்சியின்மேல் ஒரு புள்ளி எரிந்தது. பச்சையும் மஞ்சளுமாக ஒரு நிறம். தூசி எல்லாம் நீலமாகவோ வெள்ளையாகவோ மினுங்கும். இந்த நிறத்தில் மினுங்குவது எது என்று எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. மஞ்சளுக்கு அந்தக் குணம் உண்டு.

யூர்கன் விளக்கைப் போடச் சொன்னார். சமீபத்தில் யாராவது சாயம் கீயம் கையாண்டீர்களா என்று பொதுவாகக் கேட்டார். என் பக்கம் பார்க்காமல் கேட்டார். அவர் அப்படிப் பார்க்காமல் இருந்ததுதான் எனக்கு உறைத்தது. எல்லோருமே என்னைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

என்னைப் பாருங்கள் என்று நானே சொன்னேன். உடை மாற்றும் அறைக்கு வந்து, அங்கியைக் கழற்றிவிட்டுக் கழுத்தைக் காட்டினேன். அழுக்கு ஆராயும் பிரிவில் இருக்கும் ஹன்னா விளக்கை அடித்தாள். என் கழுத்தைச் சுற்றி ஒரு வளையம் எரிகிறது என்றாள். அங்கிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியில் நானும் பார்த்தேன். எரிந்தது. டேப்பும் எரிந்தது, பனியன் கழுத்தும் எரிந்தது. என்னிடம் கிடைத்துவிட்டதால் மற்ற யாரையும் அவர்கள் விளக்கடித்துப் பார்க்கவில்லை. அது அப்போது எனக்குத் தோன்றவும் இல்லை.

கழற்றிவிடுகிறேன் என்றேன். முடிச்சு அசையவில்லை. தலைவழியாக எடுக்கப் பார்த்தேன், கொண்டையில் மாட்டிக்கொண்டது. ஹன்னா உதவிக்கு வந்தாள், நான் வேண்டாமென்று கையைக் காட்டினேன். எப்படியோ வந்துவிட்டது. மாதிரிகளைப் போட்டுவைக்கும் பிளாஸ்டிக் பையைத் திறந்து பிடித்தாள், உள்ளே போட்டேன். கழுத்து குளிர்ந்தது.

4

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. புள்ளியும் கயிறும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஹன்னாவுக்குக் கயிற்றில் ஒரு துண்டு தேவைப்பட்டது. சின்னதுதான், விரல் நகம் அளவு போதும் என்றாள். கையில் கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள்.

தாலியறுத்தவள் என்பது நம் பக்கம் எவ்வளவு பெரிய வசவு என்று இந்தப் பெண்ணுக்கு எந்த ஜெர்மனில் சொல்வது? குழாயடிச் சண்டையில்கூட அந்த வார்த்தை வந்துவிட்டால் தெருவே வாயை மூடிக்கொள்ளும். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்-ரே அளக்கிறேன், இரிடியம் அளக்கிறேன். அந்தக் கத்தரிக்கோலைப் பார்த்ததும் வரப்பில் நிற்கும் மனுஷன் நினைவுக்கு வந்தார். மோட்டார் ஸ்விட்சில் ஷாக் அடிக்கும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், ஈரக்கையோடுதான் போடுவார்.

ஹன்னா காத்திருந்தாள். அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும், எங்கே வெட்டலாம் என்று நீயே சொல் என்றாள். முடிச்சைத் தாண்டி நுனி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் காட்டினேன். முடிச்சின்மேல் படக்கூடாது என்றேன். கண்ணாடியை எவ்வளவு பதவிசாகத் தொடுவாளோ அப்படித் தொட்டு வெட்டினாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கண்ணாடி பெட்டிக்குத் திரும்பியது. கண்ணாடிமேலும் துகள் இருக்கிறதா என்று பார்த்து முடிக்கும்வரை சோதனை நிறுத்திவைப்பு. முடிவு வரும்வரை நானும் வெள்ளை அறைக்குள் வரவேண்டாம், அலுவலக அறையில் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிரு என்றார் யூர்கன். மரியாதையாகத்தான் சொன்னார்.

5

என் மகளுக்கு யாழினி என்று பேர் வைத்தோம். ஜெர்மன்காரர்களுக்கு ழ வராது, யாலினி என்கிறார்கள். நம் காவாந்தண்டலத்துக்கும் ழ வராது, யாயினி என்கிறார்கள். இரண்டு ஊரிலும் சொல்லத் தெரியாத பேரைத் தேடிப்பிடித்து வைத்த புத்திசாலிகள் நாங்கள். அவளே இப்போது சிநேகிதிகளிடம் 'லினி' என்று சொல்லிக்கொள்கிறாள். வீட்டில் ஜெர்மன்தான் பேசுகிறாள். கோபம் வந்தால் மட்டும் கொஞ்சம் தமிழ் வரும், அதுவும் அவள் அப்பா பேசுகிற தமிழ்.

அன்று சாயங்காலம் என் கழுத்தைப் பார்த்தாள். தாலி இல்லையென்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும் என்றே நான் நினைத்திருக்கவில்லை. இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை, அறையை மூடிக்கொண்டாள். வயசுப் பிள்ளை, இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரமே வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்காரர் வெளியே இருக்கும் காலத்தை நீட்டித் தரமுடியுமா என்று கேட்கப் போனேன். ஆபீஸ் ஜெர்மன் தனி பாஷை, எனக்கு இன்னும் பிடிபடவில்லை. யாழினியைத் துணைக்கு அழைத்துப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: நீங்களும் கணவரும் சேர்ந்து வாழ்கிறீர்களா, பிரிந்து வாழ்கிறீர்களா?

மூன்றாவது ஒன்று இல்லையா என்று கேட்க நினைத்தேன். புருஷன் வீட்டில் வாழாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்ட பெண்ணை நம் ஊரில் வாழாவெட்டி என்பார்கள். அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டில் வாழாவெட்டி தணிகாசலம்தான். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். நான் கையைக் கொண்டுபோய்க் கழுத்தில் வைத்தேன், அங்கே ஒன்றும் இல்லை.

சேர்ந்துதான் என்று யாழினி சொன்னாள். பளிச்சென்று, ஜெர்மனில், எனக்கு முன்னால் சாய்ந்து. அந்தப் பெண் தட்டிக்கொண்டாள். நீட்டிப்புக்குச் சரியான காரணம் வேண்டும், நெல் நடவு அந்தக் காரணங்களில் இல்லை, அவர் உரிய தேதிக்குள் வந்துவிடுவதுதான் நல்லது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

வெளியே வந்து டிராமுக்கு நின்றோம். யாழினி வேறெங்கோ பார்த்துக்கொண்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு என்னிடம் தமிழில் கேட்டாள்.

"நான் சொன்னது பொய்யாம்மா?"

கழுத்தில் இல்லாததற்குக் காரணம் வேலை என்று அவளுக்குச் சொன்னேன். மஞ்சள், விளக்கு, கத்தரிக்கோல் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஆனால் அவள் கேட்டது அதை இல்லை. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். டிராம் வந்தது, ஏறிவிட்டோம்.

6

முடிவு அடுத்த வாரம் வந்தது. கண்ணாடி தப்பித்தது, சாட்சியின்மேல் மட்டும்தான் விழுந்திருக்கிறது. புள்ளி மஞ்சள்தான், சந்தேகமில்லை. ஆனால் அதோடு இலவங்கப்பட்டையும் மிளகும் பால் பவுடரும் ஒட்டியிருந்தன என்று சொல்லி ஹன்னா எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்தாள். தாலிக்கயிற்றுக்கு இதெல்லாம் தடவுவீர்களா என்பதுபோல ஒரு பார்வை. வள்ளியம்மாவே ஆனாலும் தாலிக்கயிற்றுக்கு யாரும் பட்டையும் மிளகும் தடவமாட்டார்கள்.

யூர்கன் முகம் சிவந்தது. நாம் சளி பிடித்தால் குடிக்கும் மஞ்சள் பால் இப்போது இங்கே தங்கப் பால் என்ற பேரில் டப்பாவில் விற்கிறது. முட்டிவலிக்கு நல்லதென்று எங்கோ படித்துவிட்டு, தினமும் காலையில் தன் அறையில் கலக்கிக் குடித்துவிட்டு வருகிறாராம். அவருக்கு அடர்த்தியான மீசை, முகமூடிக்கு வெளியே எட்டிப்பார்க்கும். ஹன்னா விளக்கை எடுத்து வந்து அடித்தாள். நாற்றங்கால் மாதிரி பச்சைப்பசேலென்று ஒளிர்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள். யூர்கனும் சிரித்தார். இனிமேல் மீசைக்கும் உறை என்று ஒருவர் சொன்னார்.

நானும் சிரித்தேன். அன்றைக்கு யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை, அதனால் இன்றைக்கு யாரும் மன்னிப்பும் கேட்கவேண்டியிருக்கவில்லை. கோபப்படலாம் என்று பார்த்தேன். அதற்கும் தெம்பு வேண்டுமே.

புதுச் சட்டம் ஒன்று வந்தது. இனி யாருக்கும் எந்த விலக்கும் கிடையாது. மோதிரம், சங்கிலி, கயிறு எதுவும் கூடாது. உள்ளே போகும் முன் எல்லோருக்கும் விளக்கு அடிக்கப்படும். யூர்கன் மோதிரத்தை உருவிப் பெட்டியில் போட்டுவிட்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனார். அவருக்கு அது மோதிரம். சாயங்காலம் மறுபடி மாட்டிக்கொள்வார், வீட்டில் மனைவி இருப்பார்.

ஹன்னா என் பையைத் திருப்பிக் கொடுத்தாள். மேலே அவள் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது: 'ஒப்பிட எடுத்த மாதிரி. காரணம் இதுவல்ல.'

7

அன்றைக்கே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மதியச் சாப்பாட்டு வேளை, இங்கே. அங்கே சாயங்காலம். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கழற்றியதைச் சொன்னேன், நுனியை வெட்டியதையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"கண்ணாடிக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று கேட்டார்.

ஆகவில்லை என்றேன். அப்படியென்றால் சரி என்றார். அக்கா வள்ளியம்மாவிடம் சொல்லவேண்டாம் என்றார். பிறகு நாற்று நன்றாக வந்திருக்கிறது, ஆள் கிடைத்தால் நடவை ஆரம்பித்துவிடலாம் என்றார். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. ஆடியில் வாய்வரை வந்து நின்றது அப்போதுதான் வெளியே வந்தது.

"நீங்க வரீங்களா, இல்லியா? வரப் பாக்கறேன்னு சொல்லாதீங்க. எனக்கு அது வாணாம்."

மோட்டார் நின்றது. நிறுத்திவிட்டு வந்தார் போலிருக்கிறது.

"நான் வரல மே," என்றார். பிறகு, "அங்க வந்தா நான் நானா இல்ல. இங்க இருந்தா நீ இல்ல. எதுனா ஒண்ணுதான் கெடைக்குது, இன்னா பண்றது? உன்ன வான்னு கூப்புடவும் வாய் வரல. அந்தக் கண்ணாடிய வுட்டுட்டு வந்து இங்க இன்னா பண்ணுவ நீ," என்றார்.

நான் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. குழாயை மூடி, காற்றெல்லாம் போய், அந்தக் கோடியில் விளக்கைப் போட்டதும் இந்தக் கோடியில் புள்ளி வந்து விழுமே, அதை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்? அவருக்கு நாற்று, எனக்கு இது. இருவருமே கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. அதுதான் கஷ்டம்.

"அப்போ இந்தக் கயிறு?" என்று கேட்டேன்.

"அடுத்த ஆடிக்கு வருவ இல்ல? புதுசு போட்டுக்கலாம்."

அழுதுவிட்டேன். அவரும் போனை வைக்கவில்லை. யாரோ வரப்பிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள், போனார்.

புரட்டாசி பாதி வந்தது, போனது. அவர் அனுமதி செத்துப்போயிற்று. காவாந்தண்டலத்தில் நடவு முடிந்துவிட்டது, படம் அனுப்பியிருந்தார். எங்கள் கண்ணாடியும் சோதனையில் தேறிவிட்டது, பூச்சு நன்றாகப் பிடித்திருக்கிறது. காலியாக வைத்திருந்த அலமாரியில் யாழினி தன் குளிர்காலக் கோட்டுகளை மாட்டிக்கொண்டாள். கேட்கவில்லை, மாட்டிக்கொண்டாள்.

வள்ளியம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறவரே, இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சம் அவருக்கு வேண்டாம்.

இப்போது தினமும் காலையில் தாலியைக் கழற்றி அந்தப் பையிலேயே போட்டுவிட்டுப் போகிறேன். சாயங்காலம் வந்ததும் போட்டுக்கொள்கிறேன். முதல்முறை மறந்த அன்றைக்கு, படுத்த பிறகு நினைவு வந்தது. அலறியடித்துக்கொண்டு எழுந்து போய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். போன வாரம் மறுபடி மறந்துவிட்டேன். நினைவு வந்தது. களைப்பாக இருந்தது. விடிந்ததும் கழற்றத்தானே போகிறோம் என்று தோன்றியது. திரும்பிப் படுத்தேன், நன்றாகத் தூங்கியும்விட்டேன்.

காலையில் எழுந்து, அப்படித் தூக்கம் வந்துவிட்டதே என்றுதான் அழுதேன்.